மைலேஜ் வழக்கில் எந்தச் சோதனையைக் கேட்பது?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 19 மாதங்களுக்கு முன் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தையும் சேர்த்துப் போட்டு 20 லட்சத்துக்கு ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த) எஸ்யூவி வாங்கினேன். "சிட்டி டிராஃபிக்ல ஏசி போட்டே 22 கேரன்டி சார்" என்று ஷோரூம் விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். எனக்கு லிட்டருக்கு 16, 17 கிலோமீட்டரைத் தாண்டியதே இல்லை. மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். காலையில் பையனைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர், பிறகு அலுவலகம், மாதம் ஒருமுறை ஊட்டி. பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று டயரை ஒரு அளவு பெரிதாக மாற்றினேன். சர்வீஸ் சென்டரில் கேட்டால் "ஓட்டுற விதத்துல இருக்கு சார்" என்று சிரிக்கிறார்கள். வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன். வண்டியைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும், மன உளைச்சலுக்கு 5 லட்சமும் வாங்க வேண்டும். வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் சர்வீஸ் சென்டரில் சிரித்ததும், வீட்டில் பேச்சு வாங்குவதும், அப்பாவின் பணம் என்பதும் நுகர்வோர் ஆணையத்தின் முன் எடுபடாது. வழக்கு மொத்தமும் ஒரு வரியில் நிற்கிறது: விற்பனையாளர் அனுப்பிய அந்த வாட்ஸ்அப் செய்தி.

விளம்பரத்தில் போட்டிருந்த பெரிய எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். அந்த எண்ணுக்குக் கீழே, மத்திய மோட்டார் வாகன விதி 115-ன்படி சோதனை அமைப்பு சான்றளித்தது என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். சாலையில் இவ்வளவு வரும் என்று நிறுவனம் எங்கும் சொல்லியிருக்காது. அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. 2012-ல் கலிபோர்னியாவில் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் வைத்திருந்த ஒரு பெண்மணி, சொன்ன மைலேஜ் வரவில்லை என்று சிறு வழக்கு நீதிமன்றத்தில் 9,867 டாலர் இழப்பீடு வாங்கினார். அதே ஆண்டு மேல்முறையீட்டில் அது ரத்தானது. அரசு விதிப்படி வெளியிட்ட எண், உண்மையில் மாறலாம் என்ற எச்சரிக்கையோடு வெளியிட்ட எண் என்பதுதான் அங்கே நிறுவனத்தைக் காப்பாற்றியது.

உங்கள் விற்பனையாளர் சோதனைக்கூட எண்ணைச் சொல்லவில்லை. நகர நெரிசல், ஏசி, 22 என்று மூன்றையும் சேர்த்து எழுத்தில் கொடுத்திருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10)-ஐப் படியுங்கள். சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் இல்லாவிட்டால் மட்டும் அது குறைபாடு ஆவதில்லை. விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரம் இல்லாவிட்டாலும் குறைபாடுதான். நியாயமற்ற வணிக முறை பற்றிய பிரிவு 2(47) வாய்ச்சொல், எழுத்து, மின்னணுப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறது. ஆகவே அந்தச் செய்தி இருக்கும் போனை மாற்றாதீர்கள், பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்யுங்கள். "அவர் எங்கள் ஊழியரே இல்லை" என்று ஷோரூம் சொல்லக்கூடும். அவர் பெயர் இருக்கும் புக்கிங் படிவம், விலைப்பட்டியல், விசிட்டிங் கார்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். தயாரிப்பு நிறுவனம் "டீலர் சொன்னது எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று பதில் போடும். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஆனால் உங்கள் குறி ஷோரூம்தான்.

சரி, இனி என் கட்சிக்காரர்கள் பலர் வழுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன்.

மைலேஜ் வழக்கென்றால் உடனே "வண்டியை அரசு அங்கீகாரம் பெற்ற கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க வேண்டும்" என்று மனு போடுவார்கள். நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38(2) அதற்கு வழி செய்கிறது, கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். நம் மாநிலத்திலேயே சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் சோதனை மையம் இருக்கிறது, புனேவில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஹைப்ரிட் வண்டிக்கு இந்த மனு உங்கள் கையாலேயே நீங்கள் வழக்கை முடித்துக்கொள்வதற்குச் சமம்.

அந்தச் சோதனை எப்படி நடக்கும் என்று பாருங்கள். வண்டி சாலையில் ஓடாது, உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே ஓடும். சுமார் 20 நிமிடம். வேகம் மணிக்கு 90-ஐத் தாண்டாது, பெரும்பகுதி நேரம் அதற்கு வெகு கீழேயே இருக்கும். மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கும். ஏசி அணைந்திருக்கும். ஹைப்ரிட் வண்டி தன் முழுத் திறமையையும் காட்டுவது இந்த மாதிரி ஓட்டத்தில்தான். நிதானமாகப் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புகிறது, மெதுவாக நகரும்போது இன்ஜின் அணைந்து மோட்டார் இழுக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் வண்டி அங்கே சான்றளித்த மைலேஜ் எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அறிக்கை கைக்கு வந்த அன்றே, "வண்டியில் குறையில்லை, ஓட்டுபவரிடம்தான்" என்பது ஆணையத்தின் பதிவில் ஏறிவிடும். அதற்குப் பிறகு வாட்ஸ்அப் செய்தியைக் காட்டினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு சோதனை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு எதுவோ அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்: காந்திபுரம், உக்கடம் போன்ற நெரிசலில், வேலைநாளில், ஏசி ஓட, டேங்க் நிரப்பி மறுபடி டேங்க் நிரப்பும் முறையில், ஆணையம் நியமிக்கும் நிபுணர் முன்னால், இரு தரப்பும் உடனிருக்க. ஓட்டுநராக உங்களை வைக்க வேண்டாம், அவர்களையும் வைக்க வேண்டாம், நிபுணரே ஓட்டட்டும். திருச்சூர் மாவட்ட ஆணையம் 2022-ல் ஃபோர்டு ஃபியஸ்டா டீசல் கார் வழக்கில் 3,10,000 ரூபாய் கொடுக்கச் சொன்னதற்கு, நிபுணர் சோதனையில் விளம்பர மைலேஜைவிட 40 சதவீதம் அளவுக்குக் குறைவாக வந்ததே அடிப்படை. அங்கேகூட கிடைத்தது இழப்பீடுதான், வண்டியின் முழு விலை அல்ல.

அப்புறம் உங்கள் டயர். கடிதத்தில் ஒரே வாக்கியமாக அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் தாண்ட மாட்டார். பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், ஆனால் ஓடோமீட்டர் பழைய டயர் கணக்கிலேயே எண்ணும். நீங்கள் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருப்பீர்கள், மீட்டர் 100 என்று காட்டும். நீங்கள் எழுதி வைத்திருக்கும் 16, 17 எல்லாமே அந்தக் குறைந்த தூரத்தில் வகுத்த கணக்கு. எழுத்துமூலக் கேள்விகளில் முதல் கேள்வியே இதுதான் வரும், உங்களிடம் பதில் இருக்காது. இன்றே பழைய அளவு டயருக்கு மாறுங்கள், பில்லை வைத்திருங்கள், அதற்குப் பிறகு எடுக்கும் கணக்கை மட்டும் வழக்குக்குப் பயன்படுத்துங்கள். டாஷ்போர்டு காட்டும் சராசரியை நம்பாதீர்கள். ஒரே பெட்ரோல் பங்கில், அதே பம்பில், ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, பில்லின் பின்னாலேயே ஓடோமீட்டர் எண்ணை எழுதி வாருங்கள்.

ஓட்டும் விதம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்குக் கசந்தாலும். சர்வீஸ் சென்டரில் சிரித்தது மரியாதைக் கேடு. ஆனால் அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர்ந்த இன்ஜின் சூடாகும் வரை பெட்ரோல் செலவழித்தே தீரும், பள்ளிக்குப் போகும் 3 கிலோமீட்டரில் அது சூடாவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடுகிறீர்கள். இந்த வண்டிகளின் பேட்டரி சிறியது. ஊட்டி மலையேற்றத்தில் சீக்கிரம் தீர்ந்து, கனமான வண்டியை இன்ஜின் தனியாக இழுக்கும். இறக்கத்தில் பேட்டரி நிரம்பிவிட்டால் மேற்கொண்டு சேமிக்க இடமில்லை. நெடுஞ்சாலையில் 110, 120 பிடித்தால் மோட்டாருக்கு அதிகம் வேலை இல்லை. அவசரமாக மிதித்து அவசரமாகப் பிரேக் பிடித்தால், திரும்பி வர வேண்டிய மின்சாரம் பிரேக்கில் சூடாகப் போய்விடும். இதெல்லாம் உங்கள் வண்டியின் இணைய ஆப்பிலேயே பதிவாகியிருக்கலாம். வேகம், திடீர் பிரேக், ஒவ்வொரு பயணத்தின் நீளம் என்று அந்த விவரத்தைக் கேட்டு எதிர்த்தரப்பு மனு போட்டால் உங்களால் மறுக்க முடியாது. பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனாலையும் அவர்கள் இழுப்பார்கள். அதற்கு ஏற்றபடி அமைத்த கார்களில் மைலேஜ் இழப்பு 1 முதல் 2 சதவீதம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொல்லியிருக்கிறது. உங்கள் கார் அந்த வகையா என்று பெட்ரோல் மூடியிலும் கையேட்டிலும் பார்த்துவிடுங்கள். அந்த வகை என்றால் 22-க்கும் 17-க்கும் உள்ள இடைவெளியை எத்தனாலை வைத்து விளக்க முடியாது.

இன்னொரு குழி ஜாப் கார்டு, அதாவது சர்வீஸ் சென்டரில் செய்த வேலையை எழுதும் தாள். மைலேஜ் புகார் கொடுத்தால் சர்வீஸ் சென்டரில் "டெஸ்ட் டிரைவ் போய்ப் பார்க்கலாம் சார்" என்பார்கள். விடியற்காலையில் நீலாம்பூர் பைபாஸில் 50 வேகத்தில், ஏசி இல்லாமல், பழகின டெக்னீசியன் ஓட்டுவார். 23, 24 என்று வரும். திரும்பி வந்ததும் ஜாப் கார்டில் "மைலேஜ் டெஸ்ட் செய்யப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி" என்று ஒரு வரி எழுதி நீட்டுவார்கள். வாடிக்கையாளர்களும் அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். நல்ல வழக்குகள் அந்த ஒரு கையெழுத்தில் போயிருக்கின்றன. இதுவரை நீங்கள் கையெழுத்திட்ட எல்லா ஜாப் கார்டுகளின் நகலையும் வாங்கிப் படியுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், எந்தச் சாலையில், எந்த வேகத்தில், ஏசி எந்த நிலையில் சோதித்தார்கள் என்று கேட்டு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். இனிமேல் கையெழுத்திடும்போது அந்த விவரங்களை நீங்களே பேனாவால் எழுதி, பிறகு கையெழுத்திடுங்கள்.

வண்டியை விற்றுவிட்டு வழக்கை மட்டும் நடத்தலாம் என்று நினைக்காதீர்கள். வழக்கு நடக்கும்போதே வண்டியை விற்றவர் நுகர்வோர் அல்ல என்று தேசிய ஆணையம் முன்பே சொல்லியிருக்கிறது. முகநூலில் ஷோரூம் பெயரைப் போட்டு எழுதவும் வேண்டாம்.

முழுப் பணம் திரும்பக் கிடைக்காது. 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாரண்டிப்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் கடமை, முழு வண்டியை அல்ல என்றது. உங்கள் வண்டியில் பழுதான பாகமே இல்லை. உண்மையான நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 1,200 கிலோமீட்டருக்கு, 17 வந்தால் 70 லிட்டர் சொச்சம், 22 வந்திருந்தால் 54 லிட்டர் சொச்சம். வித்தியாசம் 16 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,600, ஆண்டுக்கு 19,200. இதற்காக 20 லட்சம் கேட்டால், அதிகப்படியாகக் கேட்பவர் என்ற எண்ணம் ஆணையத்துக்கு முதல் நாளே வந்துவிடும். ஷோரூமும் பேச்சுவார்த்தைக்கு வராது.

ஆகவே சமரசம் பேசுங்கள் என்றே சொல்கிறேன். அதுவும் கெஞ்சிப் பேச வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். நோட்டீஸில் அந்தச் செய்தி, பழைய அளவு டயருக்கு மாறியபின் எடுத்த கணக்கு, ஆண்டு நஷ்டம் இவை மட்டும் இருக்கட்டும். நீட்டிக்கப்பட்ட வாரண்டி, அதில் ஹைப்ரிட் பேட்டரியும் அடங்க வேண்டும், இரண்டு மூன்று ஆண்டு இலவச சர்வீஸ், கூடவே ஒரு தொகை என்று கேளுங்கள். ஷோரூமுக்கு இதெல்லாம் கொடுக்கக்கூடியவை, அவர்கள் ஊழியரின் எழுத்து பதிவேறுவதைவிட அவர்களுக்கு மலிவு. ஆனால் வாரண்டி உங்கள் பெயரில் பதிவானதற்கான சான்றும் பணமும் கையில் வந்த பிறகே "இனி கோரிக்கை எதுவும் இல்லை" என்ற தாளில் கையெழுத்திடுங்கள்.

பேச்சு இழுத்துக்கொண்டே போகும். "தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்" என்பார்கள். நுகர்வோர் சட்டம் பிரிவு 69-ன்படி வழக்குப் போடக் காலவரம்பு இரண்டு ஆண்டு, மின்னஞ்சல் போய்வந்துகொண்டிருப்பதால் அது நீளாது. நீங்கள் 19-வது மாதத்தில் இருக்கிறீர்கள். இந்த வாரம் டயர், அடுத்த ஒரு மாதம் கணக்கு, உடனே நோட்டீஸ். 22-வது மாதம் முடிவதற்குள் பணம் கைக்கு வரவில்லை என்றால், பேச்சு நடந்துகொண்டிருந்தாலும் கோவை மாவட்ட ஆணையத்தில் புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள். தாக்கலான பிறகும் சமரசம் பேசலாம், பிரிவு 37-ன்படி ஆணையமே மத்தியஸ்தத்துக்கு அனுப்ப முடியும்.