ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் கொடுப்பதற்கு முன்

தங்கச்சி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் கல்லூரிக்குப் போய்ப் படித்தது, எம்.ஏ. மட்டும் தொலைநிலைக் கல்வி. திண்டுக்கல் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் நாலு வருட வேலை, மாதம் 18,000. மதுரையில் ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்பி, 'கேரண்டியாக' இங்கிலீஷ் டீச்சர் வேலை வாங்கித் தருகிறாராம். அண்ணா, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். அந்த ஆள் வழியாக மட்டும் போகாதீர்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப இந்திய அரசின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். அவருக்கு உரிமம் இருக்கிறதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். துபாய் அடங்கிய அமீரகத்தின் சட்டமும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது. கேரண்டி என்கிறாரே, எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, பேசிக் சம்பளம் எவ்வளவு என்று மூன்றே கேள்வி கேளுங்கள். டெமோ கிளாஸ் எடுக்க வைக்காமல் எந்த நல்ல பள்ளியும் ஆசிரியரை எடுக்காது. நீங்கள் எடுக்கப்போகும் டெமோவுக்கு அவர் எப்படி கேரண்டி கொடுப்பார்?

இனி வேலைக்கு வருகிறேன். வளைகுடாவில் 'இங்கிலீஷ் டீச்சர்' என்று வரும் விளம்பரங்களில் மூன்று வேறு வேறு வேலைகள் கலந்து கிடக்கின்றன. பாதிப் பேர் இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சி.வி. அனுப்பி, பதிலே வராமல் சோர்ந்துபோகிறார்கள்.

முதலாவது, பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளும் மொழிப் பயிற்சி நிறுவனங்களும். வீடு, விமான டிக்கெட், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று பெரிய சம்பளம் அங்கேதான். 'நேட்டிவ் ஸ்பீக்கர்' என்று விளம்பரத்தில் இருந்தால் பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா பாஸ்போர்ட் என்று பொருள் கொள்ளுங்கள். உங்கள் இலக்கணம் அவர்களுடையதைவிடச் சுத்தமாக இருக்கலாம், அதை அங்கே யாரும் பார்க்கப்போவதில்லை. ஒரே வேலைக்குப் பாஸ்போர்ட் பார்த்துச் சம்பளம் போடும் இந்த வழக்கம் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஆனால் அதோடு மல்லுக்கட்டி உங்கள் முதல் வருடத்தை வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, இந்தியப் பள்ளிகள். உங்களுக்கு உரிய இடம் இப்போதைக்கு இதுதான். துபாய், ஷார்ஜா, அபுதாபியில் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் நிறைய. ஓமனில் மஸ்கட் தொடங்கி சலாலா வரை இந்தியச் சமூகப் பள்ளிகள் ஒரே இயக்குநர் குழுவின் கீழ் நடக்கின்றன. சவூதியில் ரியாத், ஜெத்தா, தம்மாமில் தூதரகத்தோடு இணைந்த பள்ளிகள் உண்டு, ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பிரிவுகளாக. பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950-லிருந்து இருக்கிறது.

இங்கே உங்களோடு போட்டியிடுவது யார் தெரியுமா? ஏற்கெனவே இங்கே குடும்பத்தோடு இருக்கும் இந்திய மனைவிமார். கணவர் விசாவில் இருப்பதால் பள்ளிக்கு விசாச் செலவும் இல்லை, தங்கும் இடமும் கொடுக்க வேண்டியதில்லை. நேரில் வந்து டெமோ எடுத்துவிட்டு மறுவாரமே சேர்ந்துவிடுவார்கள். ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவருவது பள்ளிக்குக் கூடுதல் செலவு. அதனால் நீங்கள் அவர்களைவிடக் கொஞ்சம் மேலே தெரிந்தாக வேண்டும். உயர்நிலை வகுப்புகளுக்கு, அதாவது 9, 10-ஆம் வகுப்புகளுக்கு, எடுக்கத் தயார் என்று சொல்லுங்கள். தொடக்க வகுப்புகளுக்கு ஆள் வரிசையில் நிற்கிறது. பத்தாம் வகுப்பு போர்டு தேர்வுக்குத் தயார் செய்பவர்கள் குறைவு.

சம்பளம் பற்றி யாரும் நேராகச் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஷார்ஜா, அஜ்மான் பக்கத்து நடுத்தர இந்தியப் பள்ளிகளில் புதிதாக வருபவருக்கு 3,000 முதல் 4,500 திர்ஹம் என்பதுதான் நான் கேள்விப்படும் எல்லை. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பெரிய தொகை. பள்ளி தங்குமிடம் தராவிட்டால் பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில்), சாப்பாடு, போன், போக்குவரத்து போக 1,500 திர்ஹம் மிஞ்சினால் நல்லது. வருமான வரி கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு கணவரை அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், குடும்பத்துக்கு விசா எடுக்க 4,000 திர்ஹம், அல்லது 3,000-மும் தங்குமிடமும் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். 2023 டிசம்பரிலிருந்து அமீரகத்தில் அதற்குத் தனி அனுமதியே இருக்கிறது, இரண்டு வருடத்துக்கு, கட்டணம் இல்லாமல். அனுமதி இல்லாமல் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தால் அபராதம்.

மூன்றாவது, கல்லூரிகளின் அடித்தள ஆண்டு. நான் இப்போது இருப்பது இதில்தான், ஓமனில். பள்ளி முடித்து வரும் ஓமானியப் பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு தொடங்குமுன் ஆங்கிலமும் கணக்கும் கணினியும் சொல்லிக்கொடுக்கும் திட்டம் அது. பழைய தொழில்நுட்பக் கல்லூரிகளையும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளையும் சேர்த்து 2020-இல் ஒரே பல்கலைக்கழகமாக்கினார்கள். நிஸ்வா, இப்ரா, இப்ரி, ஷினாஸ், சூர், சலாலா என்று எங்கு போனாலும் நம் ஊர் விரிவுரையாளர் ஒருவராவது இருப்பார். சம்பளம் இந்தியப் பள்ளியைவிட நன்றாகவே இருக்கும், வாரப் பாடவேளையும் குறைவு. ஆனால் முறையாகப் படித்த முதுகலை வேண்டும், கல்லூரி அனுபவம் வேண்டும். உங்கள் தொலைநிலை எம்.ஏ. இதற்கு உதவாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வர ஆசையிருந்தால் ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் நடத்தும் செல்டா பயிற்சியைச் செய்யுங்கள். குறைந்தது 120 மணி நேரப் படிப்பு, அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்கள் முன் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கும் '120 மணி நேர' சான்றிதழை இங்கே ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஓமானியர்களே பாடம் எடுக்கப் படித்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால், ஆயுள் முழுக்க இருக்கும் வேலை என்று நம்பியும் வரக்கூடாது.

ஒரு விஷயத்தில் நமக்கு இங்கே கை ஓங்கியிருக்கிறது. அரபு மாணவன் 'ஹீ டாக்டர்' என்று எழுதுவான், நடுவில் 'இஸ்' வராது. வெள்ளைக்காரச் சகா அதை ஏன் என்று புரியாமல் திருத்திக்கொண்டே இருப்பார். நமக்கு உடனே புரியும். 'அவர் டாக்டர்' என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே நாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து குழப்பமும் அப்படித்தான், அரபியிலும் கிடையாது, தமிழிலும் கிடையாது. நேர்காணலில் இதை ஒரு உதாரணத்தோடு சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்தியப் பள்ளி டெமோவில் பார்ப்பது வேறு. நம் ஊரில் கவிதை நடத்தும்போது புரியாத இடத்தில் சட்டென்று தமிழில் சொல்லிவிடுவோம். இங்கே வகுப்பில் பாதி மலையாளம், மீதி உருது, வங்காளம், தெலுங்கு, அரபி. சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லை. ஒரு சொல்லின் பொருளை ஆங்கிலத்திலேயே, படம் வரைந்தோ நடித்தோ கேள்வி கேட்டோ கொண்டுவர முடிகிறதா என்றுதான் முதல்வர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். துபாயில் தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் கே.எச்.டி.ஏ. அமைப்பின் ஆய்வாளர்கள் ஆய்வுக்கு வந்தால் வகுப்புக்குள்ளேயே அமர்வார்கள், அதனால் பாடத்திட்டக் குறிப்பு எழுதும் பழக்கம் கட்டாயம். இன்றைக்கே உங்கள் பள்ளியில் ஒரு வாரம் தமிழே பேசாமல் பாடம் எடுத்துப் பாருங்கள்.

இப்போது காகிதங்கள். உங்கள் கவனம் முழுக்க இங்கே இருக்கட்டும். பி.ஏ., பி.எட். இரண்டையும் அட்டஸ்டேஷன், அதாவது உண்மையானவைதான் என்று அரசு முத்திரை வாங்க, கொடுங்கள், எம்.ஏ.வை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மாநில அளவில் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன்பின் நாட்டைப் பொறுத்தது: ஓமன், பஹ்ரைன், சவூதிக்கு நம் வெளியுறவு அமைச்சகமே தரும் அப்போஸ்டில் என்ற முத்திரை, அமீரகம், கத்தார், குவைத்துக்குத் தூதரக முத்திரை. அமீரகம் வந்த பிறகு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வேண்டும். மாநிலச் சரிபார்ப்பில்தான் வாரங்கள் கரையும். கையோடு பல்கலைக்கழகத்திலிருந்து, நீங்கள் ரெகுலராகக் கல்லூரிக்கு வந்து படித்தவர் என்று ஒரு கடிதமும் வாங்கிவிடுங்கள். 2018 வாக்கில் நம் மதிப்பெண் பட்டியலில் இருக்கும் 'எக்ஸ்டர்னல்' என்ற பத்தியைப் பார்த்து, வெளியிலிருந்து படித்தவர்கள் என்று அமீரகத்தில் எடுத்துக்கொண்டு, எத்தனையோ இந்திய ஆசிரியர்களின் சமநிலைச் சான்றிதழ் (நம் பட்டம் அவர்கள் நாட்டுப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) நின்றுபோனது. தூதரகம் வரை போய்த்தான் அது தீர்ந்தது.

ஆஃபர் லெட்டர் வந்தால் மொத்தத் தொகையை விட்டுவிட்டு பேசிக்கைப் பாருங்கள். அமீரகத்தில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுக் கிளம்பும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடம் வருடத்துக்கு 21 நாள் பேசிக். மொத்தம் 3,500 என்று வையுங்கள். பேசிக் 1,500 என்றால் மூன்று வருடம் கழித்துக் கிளம்பும்போது 3,150 திர்ஹம். பேசிக் 2,500 என்றால் 5,250. ஒரே சம்பளம், கையில் வருவது வேறு. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பத்து மாதச் சம்பளம்தான் என்று முதல் கோடையில் தெரிந்துகொண்டு, என் மனைவியோடு வேலை பார்த்த ஒரு பெண் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் படிவம் தமிழிலும் கிடைக்கும், கேட்டு வாங்கி அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது. பாஸ்போர்ட்டை 'பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்' என்று பள்ளி கேட்டால் கொடுக்க வேண்டாம். வாங்கி வைத்துக்கொள்வது சட்டப்படி தவறு.

அம்மா பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து வரலாம், அந்தப் பயம் தேவையில்லை. பெண் ஆசிரியைகளுக்குத் தங்குமிடம் தரும் பள்ளிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், அம்மாவுக்கும் நிம்மதி, செலவும் மிச்சம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும். நவம்பரிலிருந்து மார்ச் வரை பள்ளிகளின் சொந்தத் தளத்திலேயே வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்த்து நேரடியாக அனுப்புங்கள், காணொளி டெமோவுக்குத் தயார் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். விசிட் விசாவில் வருவதானால் பிப்ரவரியில், உறவினர் வீடு ஏதாவது இருந்தால் மட்டும். டெமோ எடுக்கலாம், ஆனால் வொர்க் பெர்மிட் வரும்வரை ஒரு நாள்கூட வகுப்புக்குள் வேலை செய்யாதீர்கள். பிடிபட்டால் பள்ளிக்கு அபராதம், உங்களுக்கு ஊர்.

போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழுக்கு இப்போதே ஓட வேண்டாம். ஆஃபர் கையில் வந்த பிறகு பாஸ்போர்ட் சேவா மூலம் எடுங்கள், பழையதைக் காட்டினால் புதிதாக ஒன்று கேட்பார்கள்.