கால்நடை மருத்துவம் படிக்காதவர் செல்லப்பிராணிகளின் நலனுக்காக வேலை செய்ய முடியுமா?

சின்ன வயதிலிருந்தே நாய், பூனை என்றால் உயிர், ஆனால் கால்நடை மருத்துவம் படிக்க மார்க் போதவில்லை, வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. மதுரையில் ஒன்பது வருடமாக நான் செய்வது அந்த வேலைதான். வீட்டுக்கே போய், அங்கிருக்கும் நாயோ பூனையோ என்ன சாப்பிடுகிறது, எங்கே படுக்கிறது, எவ்வளவு நடக்கிறது, எதற்குப் பயப்படுகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிக் கொடுப்பேன். முழுமையான நலப் பராமரிப்பு என்று இதற்கு இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அப்பத்தா பெயர் எதுவும் இல்லாமலே இதைச் செய்துகொண்டிருந்தார்.

மேலூர் பக்கம் எங்கள் ஊர். அப்பத்தாவிடம் பதினைந்து, இருபது வெள்ளாடுகள் இருந்தன. பொழுது சாய்ந்து ஆடுகள் கொட்டகைக்குத் திரும்பியதும் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். அரை மணி நேரம் வேறு ஒரு வேலையும் கிடையாது, பார்த்துக்கொண்டே இருப்பார். எது அசை போடுகிறது, எது போடவில்லை, எது கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிறது. காலையில் கூட்டும்போது புழுக்கை உருண்டையாகக் கிடக்கிறதா, இளகியிருக்கிறதா என்று பார்ப்பார். "கருப்பிக்கு என்னமோ சரியில்லடி" என்று அவர் சொன்னால், மறுநாள் கருப்பி இரை எடுக்காது.

எனக்குப் பிரியம் இருந்த அளவுக்கு அந்தப் பார்வை இருக்கவில்லை. ஏழாவது படிக்கும்போது சின்னி என்று ஒரு பூனை வளர்த்தேன். ஒரு நாள் அது உடம்பு அனலாகச் சுருண்டு கிடந்தது. அம்மா அரை பாரசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்தார். நான் வாயைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஊற்றினார். விடிந்து பார்த்தால் முகம் வீங்கியிருந்தது. ஈறு பழுப்பாக மாறியிருந்தது. வாயைத் திறந்தபடி மூச்சு விட்டது. மதியத்துக்குள் போய்விட்டது. பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறித்து வெளியேற்ற முடியாது, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியை இழந்துவிடும் என்று நான் தெரிந்துகொள்ளப் பத்து வருடம் ஆயிற்று. அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

படித்தது பி.காம். கொஞ்ச நாள் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அப்புறம் ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் இருந்தேன். நாயை நோகாமல் பிடிப்பது, நகம் வெட்டுவது, காது துடைப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும், நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, நமக்குக் காய்ச்சல் என்கிற சூடு அதற்குச் சாதாரணம் என்பதெல்லாம் அந்த டாக்டர் சொல்லித் தந்தது. உங்களுக்கும் இந்த வழியைத்தான் சொல்வேன். ஆன்லைன் சான்றிதழைவிட, ஒரு நல்ல மருத்துவரின் பக்கத்தில் நின்ற ஒரு வருடம் பெரிது.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984-இன்படி, பதிவு பெற்ற மருத்துவர்தான் வைத்தியம் பார்க்கலாம். நான் இது இன்ன நோய் என்று சொல்வதில்லை, மருந்து தருவதில்லை. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி, இரண்டு நாளாகச் சோறு வேண்டாம் என்கிறது என்றால், அடுத்த பேச்சே கிடையாது, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன்.

அப்படியானால் உங்களுக்கு என்னதான் வேலை என்று கேட்பீர்கள். ஒரு வீட்டைச் சொல்கிறேன். அடுக்குமாடியில் நான்காவது மாடி. ஆறு வயது லாப்ரடார், 41 கிலோ. பின்னங்காலை இழுத்து நடக்கிறான். எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டுத் தேய்மானம். டாக்டர் வலி மருந்து எழுதி, எடையைக் குறையுங்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் போய்த் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். வீடு முழுக்க வழவழப்பான டைல்ஸ். நகம் நீளமாக வளர்ந்திருந்ததால் பாதம் முழுதாகத் தரையில் பதியவில்லை. எழுந்திருக்கும்போதெல்லாம் பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் வழுக்கின. ஒவ்வொரு தடவையும் அவன் எழுவதற்கு முன்னால் ஒரு கணம் தயங்கினான். தாத்தாவிடமிருந்து ரெண்டு பிஸ்கட், பாட்டியிடமிருந்து நெய் விட்ட தயிர்சாதம், பிள்ளைகளிடமிருந்து முறுக்கு. எல்லாம் பாசம்தான். ஆனால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை.

அவன் படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், வாசல் வரைக்கும் ரப்பர் விரிப்பு போட்டோம். நகத்தை வாரம் கொஞ்சமாகக் குறைத்தோம். சாப்பாட்டை டாக்டரிடம் கேட்டு அளந்து வைத்தோம். பிஸ்கட்டுக்குப் பதிலாக வேகவைத்த பீன்ஸ், கேரட். தார் ரோடு சுடும் முன் காலையில் மெதுவாக நடை. மத்தியானம் பழைய துண்டைச் சுருட்டி, உள்ளே அவன் பங்குச் சாப்பாட்டிலிருந்தே கொஞ்சம் ஒளித்து வைத்தால், மோப்பம் பிடித்து எடுத்துச் சாப்பிடுவான். தாத்தாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. அதில் 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன என்று சொன்னேன். "ரெண்டு வருசமா?" என்று கேட்டுவிட்டு, பிஸ்கட் டப்பாவை அவரே எடுத்து அலமாரி மேல் வைத்தார். ஐந்து மாதத்தில் 34 கிலோ. வலி மருந்தை டாக்டர் பாதியாகக் குறைத்தார்.

மூலிகை பற்றி நிறையப் பேர் கேட்பார்கள், உங்களிடமும் கேட்பார்கள். தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம் மாட்டின் மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையை அளவோடு வகுத்துத் தந்திருக்கிறது. எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மாட்டுக்கு ஆகும் என்பதற்காக, உண்ணி போக நாய் உடம்பில் கற்பூரம் கரைத்த எண்ணெய் தடவினால் அது விஷம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும். இரண்டையும் செய்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன். எல்லாருமே அந்த நாயை உயிராக வைத்திருந்தவர்கள்.

பூனை வளர்க்கும் சைவ வீடுகளில் பேசுவது இன்னும் கஷ்டம். டாரின் என்ற சத்தை நாய் பெரும்பாலும் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவு முடியாது, இறைச்சியிலிருந்து கிடைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண் போகும், இதயம் பலவீனமாகும். தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டு வளர்ந்த ஒரு பூனை வீட்டில் இதைச் சொன்னபோது அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. இப்போது பூனைக்கென்று தயாரித்த தீவனம் பின்கட்டில் தனித் தட்டில் வைக்கிறார்.

வருமானம் முதல் இரண்டு வருடம் பஸ் செலவுக்குத்தான் சரியாக இருந்தது. இப்போது குடும்பம் நடக்கிறது. பாதி வீடுகள் டாக்டர்கள் அனுப்புவதுதான், அதனால் அவர்களோடு போட்டி போடாதீர்கள்.

அந்த லாப்ரடாரை இன்னும் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கிறேன். போன வாரம் லிஃப்ட் சத்தம் கேட்டதும் தயங்காமல் எழுந்து கதவுக்கு வந்துவிட்டான்.