பெட்கோ பார்க்கில் பேஸ்பால் பார்க்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

சான் டியாகோ பாட்ரேஸ் அணியின் மைதானம் பெட்கோ பார்க். நகரின் நடுமையத்திலேயே இருக்கிறது. போக நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, பல வருடங்களாக அங்கே போய்வரும் உள்ளூர்க்காரனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காரை எங்கே நிறுத்துவது அண்ணா? இர்வைனிலிருந்து வருகிறோம்.

மைதானத்துக்குப் பக்கத்தில் நிறுத்தவே நினைக்காதீர்கள். ஆட்ட நாளில் அங்கே பார்க்கிங் கட்டணம் யானை விலை. ஓல்டு டவுன் நிலையத்தில் இலவசமாக நிறுத்தலாம். அங்கிருந்து பச்சை வழித்தட ட்ராலியில் (நகர மின்ரயில்) ஏறி கேஸ்லாம்ப் குவார்ட்டரில் இறங்கினால் மைதானம் எதிரிலேயே இருக்கும். இன்னும் நல்ல வழி, இர்வைனிலேயே ஆம்ட்ராக் ரயில் பிடித்து சாண்டா ஃபே டிப்போவில் இறங்குவது. 1915இல் கட்டிய அழகான ஸ்டேஷன் அது. அங்கிருந்தும் அதே ட்ராலிதான். ஆனால் இரவு ஆட்டமென்றால் திரும்பும் ரயில் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்; கடைசி ரயில் உங்களுக்காகக் காத்திருக்காது.

அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். போரடிக்குமா?

முதல் இரண்டு இன்னிங்ஸ் கொஞ்சம் விழிப்பார்கள், அப்புறம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் 3 அவுட். டிரா கிடையாது, சமமாக இருந்தால் முடிவு தெரியும்வரை ஆடுவார்கள். 2023இல் பிட்ச்சருக்கு, அதாவது பந்து எறிபவருக்கு, கடிகாரம் கொண்டுவந்துவிட்டார்கள். பேஸில் (ரன் எடுக்க ஓடுபவர் தொட்டு நிற்கும் இடம்) யாரும் இல்லாதபோது 15 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும். அதனால் முன்பு மூன்று மணி நேரம் இழுத்த ஆட்டம் இப்போது பெரும்பாலும் இரண்டரை, இரண்டேமுக்கால் மணியில் முடிகிறது. ஒரு டி20 அளவுகூட இல்லை.

அப்பாவுக்கு ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பந்து கூட்டத்துக்குள் வந்து விழுந்தால் திருப்பி எறிய வேண்டாம். பிடித்தவருக்கே சொந்தம்.

எந்தப் பக்கம் டிக்கெட் எடுக்கலாம்? வெயில் ஆகாது.

மூன்றாம் பேஸ் பக்கம் (பேட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடது பக்கம்), அதாவது இரட்டைப்படை எண் உள்ள பிரிவுகள். சூரியன் அந்த இருக்கைகளுக்குப் பின்னால்தான் இறங்கும், நிழல் முதலில் அங்கே வரும். முதல் பேஸ் பக்கமும் வலது ஃபீல்டும் மாலையில் கண்ணைக் கூசவைக்கும். ஆனால் பாட்ரேஸ் வீரர்கள் உட்காரும் டக்அவுட் முதல் பேஸ் பக்கம். வீரர்களை அருகில் பார்க்க ஆசையென்றால் தொப்பியோடு அங்கே போங்கள்.

காசு மிச்சம் பிடிக்க 300ஆம் எண் மேல்தளம் போதும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல இடமும்கூட. முன்னால் நகரக் கட்டடங்கள், பின்பக்கம் நடைபாதைக்கு வந்தால் வளைகுடா. பரம எதிரியான லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி வரும் நாட்களில் மட்டும் எந்த இருக்கையும் மலிவில்லை.

ஆகஸ்டு மாதமானாலும் ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்ந்ததும் கடற்காற்று குளிரும்.

சைவம். பட்டினிதானா?

இல்லை. பூண்டு போட்ட உருளை வறுவல், வேர்க்கடலை, பிரெட்சல், சுர்ரோ எல்லாம் கிடைக்கும். நாச்சோஸ் வாங்கும்போது இறைச்சி வேண்டாமென்று தெளிவாகச் சொல்லுங்கள். அதைவிட, வெளிச்சாப்பாட்டை உள்ளே விடுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அவரவருக்குத் தேவையான அளவு கட்டிக்கொண்டு போகலாம். மூடி திறக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் பரவாயில்லை. எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டபடி ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) பார்ப்பதில் ஒரு தனி சுகம் உண்டு.

பை மட்டும் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். குழந்தையின் டயப்பர் பைக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு. டிக்கெட் போனில்தான், கடைகளில் ரொக்கம் வாங்க மாட்டார்கள்.

டிவியில் மைதானத்துக்குள் ஒரு பழைய செங்கல் கட்டடம் தெரிகிறதே, செட்டா?

நிஜக் கட்டடம்! 1909இல் எழுந்த வெஸ்டர்ன் மெட்டல் சப்ளை கம்பெனியின் கிடங்கு. மைதானம் கட்டத் திட்டமிட்டபோது இடிபட வேண்டியது, பாரம்பரியக் கட்டடம் என்பதால் தப்பித்தது. வடிவமைத்தவர்கள் அதைச் சுற்றியே மைதானத்தை அமைத்துவிட்டார்கள். கட்டடத்தின் மூலைதான் இடது ஃபவுல் கம்பம், அதாவது ஆடுகளத்தின் இடது எல்லையைக் காட்டும் கம்பம். அந்த விளிம்புக்கு மஞ்சள் பூசியிருக்கும். அதன் ஒரு பக்கம் போனால் ஹோம் ரன், மறுபக்கம் போனால் ஃபவுல். கீழே அணியின் கடை, மேலே மொட்டைமாடி வரைக்கும் இருக்கைகள்.

மைதானம் இப்படி ஊருக்குள்ளேயே கலந்திருப்பதுதான் இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பெட்கோ பார்க் வருமுன் அணி மிஷன் பள்ளத்தாக்கில், கார் நிறுத்தும் வெளிக்கு நடுவே கிடந்த பெரிய அரங்கில் ஆடியது. 1998இல் நகர மக்கள் வாக்களித்து நடுமையத்துக்குக் கொண்டுவந்தார்கள். வழக்குகளால் வேலை தடைபட்டு 2004இல்தான் திறந்தது. மைதானத்தைச் சுற்றி, கிடங்குகளாகக் கிடந்த ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் அதன்பிறகு அடுக்குமாடிகள் முளைத்தன. வாடகையும் ஏறியது, அதையும் சொல்ல வேண்டும்.

ஆட்டத்துக்கு முன் என்ன பார்க்கலாம்? பாதுகாப்பான இடமா?

மூன்று மணி நேரம் முன்னதாக வாருங்கள். கேஸ்லாம்ப் குவார்ட்டரின் ஐந்தாம் அவென்யூவில் நடங்கள். 1867இல் அலோன்சோ ஹார்ட்டன் நிலம் வாங்கி உருவாக்கிய புதிய நகரத்தின் பகுதி அது. பின்னால் சூதாட்டத்துக்கும் விபசாரத்துக்கும் பேர்போன பேட்டையானது. பழைய அமெரிக்க மேற்கின் துப்பாக்கிப் புகழ் காவலர் வயட் எர்ப்பே 1880களில் இங்கே சூதாட்ட விடுதி நடத்தியவர். இப்போது அந்த விக்டோரியக் கட்டடங்களில் உணவகங்கள்.

அப்புறம் மத்திய நூலகம். 2013இல் திறந்தது, எஃகு வலைக் கூரையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பேஸ்பால் நூல்களுக்கென்றே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. மைதானத்தின் தென்பக்கம் தண்டவாளங்களுக்கு மேலே செல்லும் நடைபாலத்தில் ஏறி மாநாட்டு மையத்தைத் தாண்டினால் கடல், அங்கிருந்து எதிர்க்கரையிலுள்ள கொரோனாடோவுக்குப் படகு.

பாதுகாப்பு? ஈஸ்ட் வில்லேஜ் நடைபாதைகளில் வீடற்றவர்கள் கூடாரம் போட்டுத் தங்குவதைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டியதில்லை, படமெடுக்கவும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு நடந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை வீரர்கள் ஏன் ராணுவ உடையில் ஆடுகிறார்கள்?

இது கடற்படை ஊர். ஞாயிறு ஆட்டங்களில் அந்த உடை வழக்கம். பயிற்சியிலிருக்கும் மரீன் (கடற்படை சார்ந்த போர்ப்படை) இளைஞர்களும் வரிசையாக வந்து உட்காருவார்கள்.

ஜூலையில் வரலாமா?

வரலாம், ஆனால் காமிக்-கான் (காமிக்ஸ், சினிமா ரசிகர்களின் பெரிய மாநாடு) வாரத்தைத் தவிருங்கள். அறை வாடகை விண்ணைத் தொடும், அணியும் வழக்கமாக வெளியூர் போய்விடும்.

நாங்கள் இருக்கும் நாட்களில் ஆட்டமே இல்லை. குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

சென்டர் ஃபீல்டுக்குப் பின்னாலுள்ள கேலகர் சதுக்கத்துக்குப் போங்கள். நிகழ்ச்சி இல்லாத பகல்களில் பொதுப் பூங்காவாகத் திறந்திருக்கும்; புல்வெளி, விளையாட்டுத் திடல் உண்டு. டோனி க்வின் சிலையும் அங்கேதான். 20 சீசனும் இந்த ஒரே அணிக்கு ஆடி 3,141 ஹிட் (பந்தை அடித்து பேஸைச் சேர்வது) அடித்தவர், எண் 19. பெரியவர்களுக்கு மைதானச் சுற்றுலா இருக்கிறது. டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டுப் போங்கள்.