அந்த டீமை ஏன் இழுத்து மூடவில்லை?

கேள்வி: என் மகனுக்கு அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் சீசன் டிக்கெட், மேட்சுக்குப் போட்டுக்கொள்ள வெள்ளை டி-ஷர்ட் எல்லாம் வாங்கிவிட்டான். அந்த டீமின் கோச் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்த விவகாரத்தை நான் இப்போதுதான் படித்தேன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. இவ்வளவு நடந்தும் அந்த டீமை ஏன் மூடவில்லை? அங்கே போய்க் கைதட்ட என் பிள்ளையை அனுப்பலாமா? சின்னவள் வேறு ஜிம்னாஸ்டிக்ஸ் கிளாஸுக்குப் போகிறாள்.
– பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

2011 நவம்பரில் அந்தச் செய்தி வந்தபோது நானும் உங்களைப்போலத்தான் கொதித்தேன். அன்று கேட்டிருந்தால் ‘மூடு’ என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதியிருப்பேன். இன்று அப்படி எழுத முடியவில்லை.

சாண்டஸ்கி அங்கே பல வருடம் உதவிக் கோச். ஏழைப் பிள்ளைகளுக்கென்று அவரே தொடங்கிய தொண்டு நிறுவனத்தின் வழியாகத்தான் சிறுவர்கள் அவரிடம் வந்தார்கள். 1999-ல் ஓய்வு பெற்ற பிறகும் டீமின் கட்டடத்துக்குள் சர்வசாதாரணமாக வந்துபோனார். 2000-ல் அங்கே ஷவர் அறைக்குள் ஒரு சிறுவனோடு அவரைத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் பார்த்துவிட்டார். கொரியப் போருக்குப் போய்வந்தவர் அவர். அன்று கை கால் நடுங்க நின்றார். சக ஊழியர்களிடம் சொன்னார். மேலே யாரும் சொல்லவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். 2001-ல் இன்னொரு இளம் உதவிக் கோச் பார்த்தார். தலைமைக் கோச் ஜோ பட்டர்னோவிடம் சொன்னார். பட்டர்னோ தன் மேலதிகாரியிடம் சொன்னார். போலீசுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ‘இனிப் பையன்களை இங்கே கூட்டி வராதீர்கள்’ என்பதோடு கதையை முடித்துக்கொண்டார்கள். 2012-ல் 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி, சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 ஆண்டு வரை சிறை.

சரி, டீமுக்கு என்ன ஆனது? கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 6 கோடி டாலர் அபராதம் போட்டது, ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஸ்காலர்ஷிப்களை வெட்டியது, சீசன் முடிவில் நடக்கும் பவுல் மேட்சுகளில் 4 ஆண்டு ஆடக்கூடாது என்றது. அந்தத் தடையை இரண்டே ஆண்டில் நீக்கியும் விட்டது. ஷவரில் நின்ற பையனுக்குப் பத்து வயது இருக்கும் என்றார் 2001-ல் பார்த்தவர். 2012-ல் இந்தத் தண்டனையைச் சுமந்த ஆட்டக்காரர்களும் 2001-ல் ஏறக்குறைய அதே வயதுப் பையன்கள்தான், எதையும் மறைத்தவர்கள் இல்லை.

முழுசாக மூடிய கதையும் உண்டு. அன்றைய விதியை மீறி ஆட்டக்காரர்களுக்குத் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்ததற்காக, டெக்சாஸின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழக டீமை 1987 சீசன் முழுக்க ஆடவிடவில்லை. அடுத்த சீசனை அவர்களே விட்டுவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு 20 வருடத்தில் ஒரே ஒரு சீசனில்தான் தோல்வியைவிட வெற்றி அதிகம். கல்லூரி ஃபுட்பாலில் இந்தத் தண்டனைக்கு ‘மரண தண்டனை’ என்றே பெயர்.

பணத் தகராறுக்கு அது பொருந்தலாம். பிள்ளைகள் விஷயத்தில்தான் எனக்குப் பயம். ‘நீ வாயைத் திறந்தால் டீமையே மூடிவிடுவார்கள்’ என்று ஒரு கோச் மிரட்டினால் அது பொய் மிரட்டலாக இருக்க வேண்டும். மூடுவதைச் சட்டமாக்கினால் அவன் சொல்வது நிஜமாகிவிடும். கூட ஆடுகிறவர்களின் ஸ்காலர்ஷிப், ஊரின் கோபம் எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில் விழும். பட்டர்னோவை வேலையைவிட்டு நீக்கிய இரவிலேயே மாணவர்கள் தெருவில் இறங்கி டிவிக்காரர்களின் வேனைக் கவிழ்த்தார்கள். மேட்சுகளையே நிறுத்தியிருந்தால்?

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை என்ற பெயரில் பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தவர் அங்கே விளையாட்டு டாக்டராக இருந்த லாரி நாசர். அவரிடம் சிக்கியவர்களில் பலர் விளையாட்டு வீராங்கனைகள். எந்த டீமை மூடுவது? மூடினால் அந்தப் பெண்களுக்குத்தான் இரண்டாவது அடி. 2014-ல் ஒரு பெண் புகார் கொடுத்தபோது, அது மருத்துவ சிகிச்சைதான் என்று பல்கலைக்கழகமே விசாரித்து முடித்துவிட்டது. பிறகு 2018-ல் 332 பேருக்கு 42.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் பிடிக்க வேண்டியது மறைத்தவர்களின் கழுத்தை. பென் ஸ்டேட்டின் முன்னாள் தலைவர் உட்பட மூன்று அதிகாரிகள் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஆனால் மாதக்கணக்கில்தான், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

மகன் மேட்சுக்குப் போகட்டும். லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் அது. போகும் முன், அந்தத் துப்புரவுத் தொழிலாளியின் கதையை நீங்களே அவனுக்குச் சொல்லுங்கள்.

எனக்குக் கவலை சின்னவளைப் பற்றித்தான். நாசர் சில பெண்களிடம் அம்மா அதே அறையில் உட்கார்ந்திருக்கும்போதே, அவர் பார்வையை மறைத்து நின்றுகொண்டு அத்துமீறினார். அதனால் கூடப் போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கிளாஸ் நடத்துகிறவரிடம் நேராகக் கேளுங்கள்: கோச் தனியாக ஒரு குழந்தையோடு இருக்க விடுவீர்களா? கதவு திறந்திருக்குமா? கோச் அவளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்பலாமா? அடிபட்டால் யார் தொட்டுப் பார்ப்பார்கள்? தப்பு தெரிந்தால் முதல் போன் போலீசுக்கா, முதலாளிக்கா? பதில் சொல்ல இழுத்தால் அந்த மாதத்து ஃபீஸ் போனால் போகிறது, வேறு கிளாஸ் பாருங்கள்.