இன்டெலிஜென்ஸ் 6 விழுந்திருக்கிறதா? மேசையே ரசிக்கும் மக்கு வீரன் ஒருவனை உருவாக்கலாம்

கேள்வி: அடுத்த மாதம் நண்பர்கள் சேர்ந்து புது கேம்பெயின் தொடங்குகிறோம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள் (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு; பல செஷனாக நீளும் ஒரே கதைதான் கேம்பெயின்). கேரக்டரின் திறன்களுக்கு எண் போட நாலு பகடை உருட்டி, சின்னதைத் தள்ளி, மீதி மூன்றைக் கூட்டியதில் எனக்கு ஒரு 6 விழுந்தது. அதை இன்டெலிஜென்ஸில் போட்டு, சிரிப்பு மூட்டுகிற மாதிரி ஒரு மக்கு கோலியாத் பார்பேரியன் (மலைவாழ் ராட்சத இனத்து முரட்டு வீரன்) செய்யலாம் என்றிருக்கிறேன். ஆனால் போன தடவை இப்படி ஒரு கேரக்டர் ஆடியபோது மூன்றாவது செஷனிலேயே எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கண்ணில் பட்ட லிவரையெல்லாம் இழுத்தேன், பேச்சுவார்த்தை நடக்கும்போதே கோடரியை எடுத்தேன். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. இன்னொன்று, புதிருக்கு விடை எனக்கே தெரிந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?

பதில்: போன தடவை அலுத்ததற்குக் காரணம் உங்கள் கேரக்டர் மக்காக இருந்தது இல்லை, அவன் எதையும் யோசிக்கவே இல்லை. யோசிக்காதவன் அடுத்து என்ன செய்வான் என்று யாராலும் சொல்ல முடியாது, அதனால் மற்றவர்கள் அவனை ஒரு ஆபத்தாகத்தான் பார்ப்பார்கள், ஆளாகப் பார்க்க மாட்டார்கள். சிரிப்பு வருவது தப்பாக யோசிப்பவனிடமிருந்து. அவன் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். முதல் வரியிலேயே தப்பு, அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு வரியும் சரி, விடையை மட்டும் அடித்துச் சொல்வான். அந்த முதல் வரி என்ன என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து கேரக்டர் ஷீட்டில் எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, இருந்த ஒரு கேம்பெயினில் நண்பர் ஒருவர் ஒர்பு என்று ஒரு பார்பேரியனை ஆடினார். ஒர்புவின் நம்பிக்கை ஒன்றுதான்: கதவு பூட்டியிருந்தால் உள்ளே இருப்பவர் பயந்துபோய் இருக்கிறார். அதனால் எந்தப் பூட்டிய கதவைக் கண்டாலும் மெதுவாகத் தட்டி, "பயப்படாதீங்க, நான் ஒர்பு" என்பான். கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் குகையில், திருடன் கேரக்டர் பூட்டுத் திறக்கும் கம்பியை எடுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கும்போது டக் டக் என்று சத்தம். மேசையில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். கொள்ளையடிக்க வருகிறவன் கதவைத் தட்ட மாட்டானே, உள்ளே இருக்கிற கோப்ளின் தன் ஆள்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக் கதவைத் திறந்தது. அன்றைக்குச் சண்டையில் முதல் அடி நம் பக்கம். அதே ஒர்பு ஒரு பிரபுவின் மாளிகையில் காவல் தலைவனின் அறைக் கதவைத் தட்டி, ராத்திரி முழுக்கக் கொட்டடியில் கிடந்தான். மற்றவர்கள் மாட்டவில்லை, அவன் மட்டும்தான். அவனை மீட்கப் போன செஷன்தான் அந்த கேம்பெயினிலேயே நாங்கள் அதிகம் சிரித்த செஷன்.

உங்கள் லிவர் பிரச்சினைக்கு விடையும் இதிலேயே இருக்கிறது. ஒரு கூத்தை ஆரம்பிக்கும் முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கான விலையை யார் கொடுக்கப் போகிறார்கள்? உங்கள் கேரக்டர்தான் என்றால் தயங்காமல் செய்யுங்கள். மற்றவர்களுடைய உயிர், பணம், ஒரு மணி நேரமாகப் போட்ட திட்டம் போகும் என்றால், கேரக்டரை விட்டு வெளியே வந்து, "ஒர்பு இப்போ கையை நீட்டுறான், யாராவது பிடிச்சு இழுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். யாரோ ஒருவர் காலரைப் பிடித்து இழுப்பார். சிரிப்பும் கிடைத்துவிடும், திட்டமும் தப்பிக்கும். "என் கேரக்டர் அப்படித்தான் செய்வான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த கேரக்டரை அப்படிச் செய்தது நீங்கள்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

சரி, இப்போது எண்களுக்கு வருவோம், ஏனென்றால் நிறைய பேர் ஏமாறுவது இங்கேதான். 6 என்றால் உருட்டும் பகடை எண்ணில் மைனஸ் 2. சராசரி ஆளுக்கு 10, அதற்குக் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை. இருபது முகப் பகடையில் டிஎம் 10 என்று இலக்கு வைத்தால் சராசரி ஆள் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்பு, உங்களுக்கு 45. அவ்வளவுதான் வித்தியாசம்! பகடை உங்களுக்காக மக்கு வேடம் போடாது. சில நாள் மந்திரவாதிக்கு 3 விழும், உங்களுக்கு 20 விழும், பழைய சாம்ராஜ்யத்தின் வரலாறு உங்கள் ஆளுக்குத்தான் தெரிந்திருக்கும். அப்போது "அவனுக்கு எப்படித் தெரியும், விட்டுடலாம்" என்று ஒதுங்காதீர்கள். பாட்டி பாடின தாலாட்டில் அந்த ராஜாவின் பெயர் வந்தது, பாட்டில் வந்ததெல்லாம் ஆட்டுக்குட்டியின் பெயர் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தான் என்று சொல்லிப் பாருங்கள். தகவல் சரியாக மேசைக்கு வந்துவிட்டது, ஆளும் மாறவில்லை.

அடுத்தது, இன்டெலிஜென்ஸை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்யாதீர்கள். தமிழில் இதற்கு நல்ல வசதி இருக்கிறது, நாம் மக்கு என்று ஒரே வார்த்தையோடு நிறுத்துவதில்லை. இந்த ஆட்டத்தில் இன்டெலிஜென்ஸ் என்பது படிப்பு, நினைவு, கூட்டிக் கழித்து முடிவுக்கு வருவது. விஸ்டம் என்பது நாம் சொல்கிற விவரம். விதியிலேயே இது பிரிந்திருக்கிறது. சுவரில் ஒரு கீறல் இருப்பதைக் கவனிப்பது பெர்செப்ஷன், அது விஸ்டமைச் சேர்ந்தது. அந்தக் கீறல் எதனால் வந்தது என்று கண்டுபிடிப்பது இன்வெஸ்டிகேஷன், அது இன்டெலிஜென்ஸைச் சேர்ந்தது. ஆக, இன்டெலிஜென்ஸ் 6, விஸ்டம் 14 என்று வைத்தால் எழுத்துக் கூட்டத் தெரியாத, ஆனால் விவரமான ஆள் வருவான்: வியாபாரி பொய் சொல்கிறான் என்று முதல் பார்வையிலேயே தெரியும், எதில் பொய் என்றுதான் தெரியாது. விஸ்டமும் 8 என்றால் வெகுளி, யார் எது சொன்னாலும் நம்புவான். கரிஸ்மா, அதாவது ஆளை ஈர்க்கும் திறன், 15 என்றால் அரைகுறை, தெரியாததை எல்லாம் தெரிந்த மாதிரி ஊர் கூட்டிப் பேசுவான், ஊரும் கேட்கும். மூன்றும் மூன்று வேறு நகைச்சுவை. என்னைக் கேட்டால் முதல் வகைதான் நீண்ட கேம்பெயினுக்குத் தாங்கும், ஏனென்றால் மற்றவர்களுக்கு அவன் தேவைப்படுவான். வெகுளி நாலு செஷனுக்கு மேல் போனால் டிஎம்முக்கே அவனை ஏமாற்றிச் சலித்துவிடும்.

பார்பேரியன்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் சாமியின் அருளால் மந்திரம் போடும் கிளெரிக்கையும் யோசித்துப் பாருங்கள். கிளெரிக்கின் மந்திரங்களுக்கு விஸ்டம்தான் ஆதாரம், ஆனால் ரிலிஜன் என்ற திறன் இன்டெலிஜென்ஸில் இருக்கிறது. சாமி இவன் கூப்பிட்டால் உடனே வருகிறது, இவனுக்கோ அந்தச் சாமியின் ஒரு கதைகூடச் சரியாகத் தெரியாது. பக்கத்தில் பத்து வருஷம் வேதபாடம் படித்த ஒரு பூசாரி கேரக்டரை டிஎம் கொண்டுவந்தால் அந்தக் காட்சி தானாக நடக்கும். படித்து மந்திரம் கற்ற விஸர்ட், மந்திரக் கருவி செய்யும் ஆர்ட்டிஃபிசர் இரண்டும் இன்டெலிஜென்ஸை நம்பியே இருப்பவை, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சண்டையில் மக்காக ஆடாதீர்கள். இதை அழுத்தமாகச் சொல்கிறேன். எதிரிகளின் விவரம் இருக்கும் மான்ஸ்டர் மேனுவல் புத்தகத்தில் ஓநாயின் இன்டெலிஜென்ஸ் 3, அதற்கே கூட்டமாக வேட்டையாடத் தெரியும், பக்கத்தில் தன் ஆள் இருந்தால் அதன் கடி இன்னும் நன்றாக விழும் என்று விதியே சொல்கிறது. ஓநாய்க்குத் தெரிந்தது உங்கள் பார்பேரியனுக்குத் தெரியாமல் போகுமா? சின்ன வயசிலிருந்து சண்டை போட்டே வளர்ந்தவன். நண்பனின் உயிர் ஊசலாடும் நேரத்தில் பட்டாம்பூச்சி பிடிக்கப் போகிற பார்பேரியனைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள். அதே புத்தகத்தில் மாட்டுத்தலை அரக்கன் மினோட்டாரைப் பாருங்கள், இன்டெலிஜென்ஸ் உங்கள் ஆளைப் போலவே 6, ஆனால் ஒருமுறை நடந்த வழியை அப்படியே நினைவில் வைத்திருக்கும். மேஸ் என்று ஒரு எட்டாம் நிலை மந்திரம், எதிரியைச் சுற்றுவழிச் சிக்கலுக்குள் அடைத்துவிடும், அதிலிருந்து வெளியே வர இன்டெலிஜென்ஸ் செக்கில் 20 வேண்டும், பெரிய பெரிய அறிவாளிகளே திணறுவார்கள், மினோட்டார் உருட்டாமலேயே வெளியே வந்துவிடும். உங்கள் ஆளுக்கும் இப்படி ஒன்று கொடுங்கள். ஒரே ஒரு விஷயத்தில் அவன் யாருக்கும் சளைத்தவன் இல்லை: மிருகங்களோடு பழகுவது, சமையல், முகம் மறக்காதது, எதுவாகவும் இருக்கலாம்.

மந்திரம் என்றதும் ஒரு எச்சரிக்கை. மைனஸ் 2 வைத்துக்கொண்டு அந்த மேஸில் மாட்டினால் 20 உருட்டினாலும் 18தான், நீங்களாக வெளியே வரவே முடியாது. அதைவிட மோசம் இன்டலெக்ட் டிவவரர் என்ற அறிவைத் தின்னும் பிராணி. அதன் சவால் அளவு வெறும் 2, ஆரம்பத்திலேயே எதிர்ப்படலாம். அதன் தாக்குதலைத் தடுக்க நீங்கள் 14 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும், தவறினால் டிஎம் ஆறு முகப் பகடை மூன்றை உருட்டுவார், கூட்டுத்தொகை உங்கள் இன்டெலிஜென்ஸுக்குச் சமமாகவோ அதிகமாகவோ வந்தால் அது பூஜ்ஜியமாகிவிடும், ஆள் அசைய முடியாமல் உறைந்துபோவான். 6க்கு அது நடக்க 216-ல் 206 வாய்ப்பு. இன்டெலிஜென்ஸ் 14 உள்ளவருக்கு 216-ல் 35தான். டிஎம்மிடம் முன்னாலேயே இதைப் பேசிவிடுங்கள், சிரிக்க வந்த கேரக்டர் இரண்டாம் செஷனில் இப்படிப் போனால் மனசு விட்டுப்போகும்.

பேச்சு பற்றி. திக்கித் திணறிப் பேசுவது, நாக்கைத் தொங்கவிடுவது, மூளை வளர்ச்சி குறைந்தவர்களைப் போல் நடிப்பது எதுவும் வேண்டாம். மேசையில் யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தமிழில் ஆடும்போது இன்னொரு குழி இருக்கிறது: மக்கு என்றதும் நம்மையறியாமல் ஏதோ ஒரு ஊர் வழக்குக்கு மாறிவிடுகிறோம். அந்த ஊர்க்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்து சிரிக்க முயன்றுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சாதாரணமாகவே பேசுங்கள், வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், சந்தேகமே இல்லாத குரலில் இருக்கட்டும். அது போதும்.

குறையைப் பொதுவாக வைக்காமல் குறிப்பாக வையுங்கள். ஒர்புவுக்குக் கதவு நம்பிக்கையைத் தவிர இன்னொன்றும் இருந்தது. அவனுக்கு நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது, ஐந்து என்றால் "ஒரு கை". வேவு பார்த்துவிட்டு வந்தான். "எத்தனை பேருடா?" என்றாள் மந்திரவாதி. "ஒரு கை. அப்புறம் கையில சேராத ஆள் ஒருத்தன்." "கையில சேராதன்னா?" "கதவை விடப் பெரிசு." ஐந்து கோப்ளின், ஒரு ஓகர். தகவலில் தப்பே இல்லை, அளவுகோல்தான் வேறு. மற்றவர்களுக்கு அதைப் பிரித்து அர்த்தம் பண்ணுவதே ஒரு விளையாட்டாகிவிட்டது. தப்பான தகவல் கொடுத்து ஆட்களைச் சாகடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கவனித்தீர்களா, அந்தக் காட்சியில் சிரிப்பில் பாதி மந்திரவாதியுடையது. இந்த மாதிரி நகைச்சுவைக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும், பொறுமையாகக் கேள்வி கேட்கும் ஒருவர் எதிரே இல்லாவிட்டால் நீங்கள் தனியாகக் கத்திக்கொண்டிருப்பீர்கள். முதல் செஷனுக்கு முன்னால் குழுவில் யாராவது ஒருவரிடம் தனியாகப் பேசி வையுங்கள்: என் ஆள் உன் ஆளைத்தான் உலகத்திலேயே பெரிய அறிவாளி என்று நம்புகிறான், ஒவ்வொரு ராத்திரியும் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சந்தேகம் கேட்பான், உனக்குச் சம்மதமா? அவர் சரி என்றால் அவர் கேரக்டருக்கும் ஒரு கதை கிடைத்துவிட்டது.

புதிர் விஷயத்துக்கு வருகிறேன். விடை தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டாம், நாலு மணி நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், புதிர் போடுவது ஆளுக்குத்தான், ஷீட்டுக்கு இல்லை. கேரக்டருக்கு வெளியே இருந்து மற்றவர்களிடம் சொல்லிவிடலாம், மந்திரவாதி கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்ளலாம். நான் அதிகம் ரசிப்பது இன்னொரு வழி: விடை சரி, காரணம் தப்பு. சிலைகளைக் கிழக்குப் பார்த்துத் திருப்ப வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆள் போய், "இவர் பாவம், சுவத்தையே பார்த்துட்டு நிக்கிறார், ஜன்னல் அந்தப் பக்கம்ல இருக்கு" என்று ஒரு சிலையைத் திருப்பட்டும். கல் நகரும் சத்தம் கேட்டதும் மற்றதை மேசையில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, அவன் ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ளட்டும். ஒரே தப்பு நம்பிக்கை இருபது செஷனுக்கு ஓடாது, ஆறேழு செஷனில் ஒன்று உடைந்து வேறொன்று வர வேண்டும். ஒர்பு ஒரு நாள் வேவு பார்த்துவிட்டு வந்து, மந்திரவாதியைப் பார்த்தபடி நிதானமாக, "ஆறு" என்றான். எங்களில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் மேசையைத் தட்டினோம் பாருங்கள், பக்கத்து அறையிலிருந்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராத்திரி ராத்திரி நெருப்புப் பக்கத்தில் அவள் அவனுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், எங்களுக்கு அது தெரியாது.