ஹீமோகுளோபின் சரி, ஃபெரிட்டின் மட்டும் ஏன் 9?

கேள்வி: வயது 34. எப்போதும் அசதி, முடி கொட்டுகிறது. ஹீமோகுளோபின் 12.4 இருக்கிறது, ஆனால் ஃபெரிட்டின் 9 என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது. "ரத்தம்தான் நல்லா இருக்கே, விடு" என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் எவ்வளவு இரும்புச்சத்து சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் அளவு. அடுப்பில் சோறு வேகிறது, ஆனால் குதிரில் நெல் தீர்ந்துவிட்டது, அதுதான் உங்கள் நிலை. உடம்பு முதலில் சேமிப்பில் கைவைக்கும், அது காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 30க்குக் கீழே போனாலே கவனிக்கிற டாக்டர்களும் உண்டு.

ஒரு சிக்கல் இருக்கிறது. காய்ச்சல், தொற்று, மூட்டு அழற்சி, கல்லீரல் கோளாறு இருக்கும்போது சேமிப்பே இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், அதனால்தான் கூடவே சிஆர்பி (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) பார்க்கச் சொல்வார்கள். சீரம் அயர்ன் (அந்த நேரத்தில் ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவு) மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள், அது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று காட்டும். ஆனால் 9 என்று வந்தால் குழப்பமே இல்லை, சேமிப்பு காலி.

அப்புறம், ஏன் காலியானது என்று டாக்டரிடம் கேளுங்கள்: மாதவிடாயில் அதிகப் போக்கா, மூலமா, வயிற்றுப் புண்ணா? மாத்திரை கொடுத்தால் டீ, காபியோடு விழுங்க வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடவும் வேண்டாம், குதிர் நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.