புது ஹைப்ரிட் காரில் எஞ்சின் சும்மா சும்மா ரேஸ் ஆகிறது, இது கோளாறா?

கேள்வி: "ஹைப்ரிட் கார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. ஏற்றத்தில் எஞ்சின் ரொம்ப ரேஸ் ஆகிறது. சில சமயம் இறக்கத்தில், ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோதும் கத்துகிறது. சர்வீஸ் சென்டரில் நார்மல் என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?"

இதே கேள்வியோடு சர்வீஸ் சென்டர் வாசலில் மூன்று முறை நின்றவன் நான். மூன்று முறையும் ஒரே பதில்தான்: "நார்மல் சார்." வண்டியைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். ஏன் கத்துகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இப்போது ஒன்றரை வருடம் ஓட்டியாகிவிட்டது. பெரும்பாலும் அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் ஒரு தடவை சரியில்லை. இரண்டையும் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், விஷயம் எல்லா ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிக்கும், அதாவது கொஞ்ச தூரம் மின் மோட்டாரில் மட்டுமே ஓடக்கூடிய ஹைப்ரிட்களுக்கு, ஏறக்குறைய பொது.

வாங்கிய புதிதில், மே மாதம், கோவையிலிருந்து ஊட்டி போனோம். சீசன் என்பதால் ஏறுவதற்குக் குன்னூர் பாதை, இறங்குவதற்குக் கோத்தகிரி பாதை என்று ஒருவழி ஆக்கியிருந்தார்கள். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய பெட்டி. முன் சீட்டில் என் மாமனார். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்லாறு தாண்டி முதல் வளைவில் மிதித்தேன். எஞ்சின் சட்டென்று உச்ச ஸ்தாயிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. வண்டி என்னவோ நாற்பதில்தான் போகிறது, சத்தம் நூற்றிருபதுக்கான சத்தம்.

"மாப்ளே, வண்டி கத்துதுங்க. கியரை மாத்துங்க."

"இதுல மாத்துற கியரே இல்லீங்க மாமா."

அவர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய இடது கை தன்னையறியாமல் தொடைக்குப் பக்கத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அந்தக் கை தேடியதைத்தான் நம் காதும் தேடுகிறது. சாதாரணக் காரில் எஞ்சின் சத்தமும் வண்டி வேகமும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை. சத்தம் ஏறும், கியர் மாற்றினால் இறங்கும், மறுபடி ஏறும். ஹைப்ரிடில் அந்தக் கட்டு கிடையாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸ்தான் இந்த வழியைப் பெரிய அளவில் ஓட்டிக் காட்டிய முதல் கார். அதில் கியர்பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பிளானட்டரி கியர் செட். நடுவில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தில் ஒரு ஜெனரேட்டர், வெளி வளையத்தில் மோட்டாரும் வண்டிச் சக்கரங்களும், இரண்டுக்கும் இடையில் எஞ்சின். நடுச் சக்கரத்துக்கு 30 பல், வளையத்துக்கு 78 பல். இந்தக் கணக்கால் எஞ்சினின் முறுக்கு விசையில் 72 சதவீதம் நேராகச் சக்கரத்துக்குப் போகிறது, மீதி 28 சதவீதம் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. ஜெனரேட்டரை வேகமாகவோ மெதுவாகவோ சுற்றவிட்டால் போதும், வண்டி அதே நாற்பதில் போனாலும் எஞ்சினை எத்தனை சுற்றில் வேண்டுமானாலும் நிறுத்தலாம். எந்தச் சுற்று என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. உங்கள் கால் கேட்பது இழுவையை மட்டும்தான்.

2022-ல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டி ஹைப்ரிடில் வேறு மாதிரி. அதில் பெரும்பாலான நேரம் எஞ்சின் மின்சாரம் மட்டும் தயாரிக்கிறது, சக்கரத்தைச் சுற்றுவது மோட்டார். ஹைவேயில் சீராகப் போகும்போது மட்டும் ஒரு கிளட்ச் வழியாக எஞ்சின் நேராகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏசி எல்லாவற்றையும் போட்டால் அது முக்கும். பந்தியில் யார் வேகமாகச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, அதற்காக ஏன் இவ்வளவு சத்தம்? இந்த எஞ்சின்கள் பெரும்பாலும் அட்கின்சன் முறையில் ஓடுபவை. பெட்ரோல் சிக்கனம் உண்டு, ஆனால் குறைந்த சுற்றில் இழுவை கம்மி. அந்தக் குறையை மோட்டார் ஈடுகட்டும். ஏற்றம் நீளமாக இருந்தால் பேட்டரி கொஞ்ச தூரத்திலேயே இறங்கிவிடும், அதற்கு மேல் மொத்தச் சுமையும் எஞ்சின் தலையில். அது பலத்தைக் கொடுக்க ஒரே வழி, அதிகச் சுற்றில் ஓடுவது. கேட்பதற்கு ஓவர் ரேஸ் போலத் தோன்றினாலும், சிவப்புக் கோட்டைத் தாண்ட கம்ப்யூட்டர் விடாது.

ஊட்டியிலிருந்து வந்த கையோடு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வாங்கினேன், வண்டிக் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போனில் காட்டும் கருவி அது. பல ஹைப்ரிட்களைப் போல என் வண்டியிலும் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, பவர், எக்கோ, சார்ஜ் என்று காட்டும் ஒரு முள்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, போனில் பார்த்துக்கொண்டே மறுபடி அதே மலை ஏறினோம். போனை வைத்திருந்தது மனைவி, நான் ஓட்டினேன், அதில் கவனமாக இருங்கள். முழுக்க மிதித்தபோது 4,200 சுற்று. காலை ஒரு விரல்கடை அளவு தளர்த்தியதும் 3,100. வேகம் குறைந்தது ஐந்து கிலோமீட்டர்தான். ஆகவே ஏற்றத்துக்கு என் வைத்தியம் இவ்வளவே: ஒரேயடியாக மிதித்துப் பிடித்துக்கொள்ளாமல், வேண்டிய வேகம் வந்ததும் காலைத் தளர்த்துங்கள். மலையில் பவர் மோடு, ஸ்போர்ட் மோடு வேண்டாம். கொஞ்சம் மிதித்தாலே அது நிறையக் கேட்டதாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது இறக்கம். உண்மையில் எனக்குப் பயம் வந்தது இங்கேதான்.

அந்த முதல் பயணத்தில் கோத்தகிரி தாண்டி இறங்கத் தொடங்கினோம். சாலை ஓரத்தில் 'இரண்டாவது கியரில் இறங்கவும்' என்று போர்டு. மாமனார் அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் பேட்டரிக் கட்டம் முழுசும் நிரம்பியது. அடுத்த வளைவில், என் கால் இரண்டு பெடலிலும் இல்லாத நேரத்தில், எஞ்சின் தானாகவே அலற ஆரம்பித்தது. பின் சீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினேன். நிறுத்திய நொடியே சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது, அதுதான் இன்னும் பீதியாக இருந்தது. பானெட்டைத் திறந்து ஏதோ தெரிந்தவன் மாதிரி பார்த்துவிட்டு மூடினேன்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். ஆட்களோடு 1,600 கிலோ வண்டி 1,500 மீட்டர் கீழே இறங்கினால் வெளியாகும் ஆற்றல் ஆறரை யூனிட், அதாவது வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட். டயர் உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் போகும். மீதியைப் பிடித்து வைக்க வேண்டிய பேட்டரியோ ஒரு யூனிட் சுற்றுவட்டாரம்தான். அதிலும் முழுதாகக் காலி செய்யவும் மாட்டார்கள், முழுதாக நிரப்பவும் மாட்டார்கள். குடத்துத் தண்ணீரைச் சொம்பில் பிடிக்கிற கதை. சொம்பு நிறைந்ததும் மிச்ச மின்சாரத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். கம்ப்யூட்டர் அதை வைத்து ஜெனரேட்டரை மோட்டாராக மாற்றி, எஞ்சினைச் சுற்றவிடுகிறது. பெட்ரோல் ஒரு சொட்டும் போகாது. எஞ்சின் வெறும் காற்றை உறிஞ்சித் தள்ளுகிறது, அந்தச் சிரமமே வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறது. மாமனார் பஸ்ஸில் இரண்டாவது கியர் செய்த அதே வேலை.

நம்பிக்கை வராவிட்டால், அடுத்த முறை எஞ்சின் அப்படிக் கத்தும்போது டிஸ்ப்ளேயில் அந்த நேரத்து மைலேஜைப் பாருங்கள். பட்டை கடைசி வரை போய் முட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோல் எரிந்தால் அப்படிக் காட்டாது.

லீவரில் டி-க்குக் கீழே இருக்கிற பி, பார்க்கிங் பி அல்ல, பாம்பே பி, இந்த வேலையை நாமாகவே கேட்டு வாங்குவதற்கு. நீளமான மலை இறக்கத்தில் முதலிலிருந்தே அதைப் போட்டுவிடுவது நல்லது. சத்தம் வரும், வரட்டும். டி-யிலேயே பிரேக்கை மிதித்துக்கொண்டு இறங்கினால், பேட்டரி நிரம்பிய பிறகு சுமையில் பெரும் பங்கு பிரேக் பேடுக்குப் போய்விடும், கருகல் வாசனை வரும். சத்தத்துக்குப் பயந்து லீவரை நியூட்ரலுக்கு (N) தள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மலையில் அதைச் செய்யாதீர்கள், எஞ்சின் பிடிமானம் மொத்தமும் போய்விடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிடம் 1,200, 1,300 சுற்றில் ஓடுவதும், சிக்னலில் நிற்கும்போது ஏசிக்காக எஞ்சின் திடீரென்று விழித்துக்கொள்வதும் சாதாரணம்தான்.

இனி சாதாரணம் அல்லாதது. போன ஏப்ரலில் சமதளச் சாலையில், அறுபது வேகத்தில், எஞ்சின் அணையவே மாட்டேன் என்றது. வழக்கமாக அந்த வேகத்தில் அடிக்கடி அணைந்து மோட்டாரில் ஓடும். கூடவே பின் சீட்டுப் பக்கமிருந்து விர்ர் என்று ஒரு ஃபேன் சத்தம். ஸ்கேனரில் பார்த்தால் பேட்டரி வெப்பம் 50 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பின் சீட்டுக்குக் கீழே, ஓரத்தில், கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருக்கும். பேட்டரிக்குக் காற்று போகும் வழி அதுதான். என் மகள் காரில் தூங்குவதற்காக வைத்திருந்த கம்பளி சரிந்து, அதன் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. கம்பளியை எடுத்துவிட்டு உள்ளே ஃபில்டரைக் கழற்றினால், பஞ்சு மில்லில் பார்ப்பது போல ஒரு படலம். பேட்டரி சூடானால் அதைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் மோட்டாரின் பங்கைக் குறைத்துவிடும், எஞ்சின்தான் கூடுதலாக உழைக்க வேண்டும். ஃபில்டரைச் சுத்தம் செய்து ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டியதும் பழையபடி ஆனது. எல்லா மாடலிலும் இந்த ஜன்னல் ஒரே இடத்தில் இருக்காது, மேனுவலில் படம் போட்டிருப்பார்கள்.

உங்கள் வண்டியில் நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: ஏற்றமும் இல்லை, பேட்டரியும் நிரம்பவில்லை, ஏசி பெரிதாக ஓடவில்லை, எஞ்சினும் சூடாகிவிட்டது, அப்படியும் ரேஸ் ஆகிறதா? அப்படியென்றால் அது நார்மல் இல்லை. எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும், கூலன்ட் குறைந்தாலும், பெடலில் இருந்து கால் எடுத்த பிறகும் வண்டி முன்னே தள்ளினாலும் அப்படித்தான். கடைசியாகச் சொன்னதற்கு முதலில் பார்க்க வேண்டியது காலுக்குக் கீழே கிடக்கும் ஃப்ளோர் மேட். கடையில் வாங்கிய தடித்த மேட்டைக் கம்பெனி மேட்டின் மேலேயே போட்டால் அது நகர்ந்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொள்ளும். 2009-ல் அமெரிக்காவில் டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தது இந்த மேட் விவகாரத்துக்காகத்தான், அதில் பிரியஸும் உண்டு. ஓடும்போது அப்படி மாட்டிக்கொண்டால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள், விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், ஓரம் கட்டுங்கள். மலையில் நியூட்ரல் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இந்த ஒன்று மட்டும் விதிவிலக்கு.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது "சத்தம் வருது" என்று மட்டும் சொன்னால் மறுபடி கழுவித்தான் கொடுப்பார்கள். என்ன வேகம், ஏற்றமா சமதளமா, பேட்டரி எத்தனை கட்டம், எந்த மோடு என்று எழுதிக்கொண்டு போங்கள். டிஸ்ப்ளே தெரியும்படி பக்கத்தில் இருப்பவரை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். டெக்னீஷியனைக் கூட உட்கார வைத்து, அவர்களுடைய ஸ்கேனரை மாட்டி, அதே சாலையில் ஓட்டிக் காட்டுங்கள். ஜாப் கார்டில் உங்கள் புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுத வைத்து நகல் வாங்குங்கள். நான்காவது முறை நான் இப்படிப் போனபோதுதான் உள்ளேயிருந்து ஒரு சீனியர் மெக்கானிக் எழுந்து வந்தார். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். அவரை முதல் நாளே அனுப்பியிருக்கலாம். அதற்கும் மசியாவிட்டால் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு மெயில், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வெளி மெக்கானிக்கிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வாரன்டி ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் வயர்கள் ஆளைக் கொல்லும் வோல்டேஜ்.

போன மாதம் மறுபடி கோத்தகிரி வழியாக இறங்கினோம். மாமனார் இப்போது சாலையைப் பார்ப்பதில்லை, டிஸ்ப்ளேயைத்தான் பார்க்கிறார். கடைசிக் கட்டம் பச்சையானதும் பின் சீட்டுப் பக்கம் திரும்பி, "ரொம்பிருச்சு, இப்பக் கத்தும் பாருங்க" என்றார். கத்தியது.